யார் சொன்ன ‘தூக்கு’?

மெரில் ஸ்ப்ரேக் கதவைத் தட்டியபோது எல்வுட் டயர் இரண்டாவது கோப்பைக் காப்பியில் இருந்தார். அந்தக் கோப்பை காலியாகும்வரை அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கார்வர் துறை என்ற அந்தக் கடலோர ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மெரிலுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் உட்காராமல், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எல்வுட் கோப்பையைக் கீழே வைத்தார்.

எல்வுட் முப்பத்தொரு வருடம் மெய்ன் மாநிலத்தின் கடல் காவலில் இருந்தவர். படகு படகாக ஏறி, பிடித்த சிங்கி இறாலைப் பித்தளை அளவுகோலால் அளந்து, குட்டையாக இருந்தால் கடலில் திருப்பி எறியச் செய்வதுதான் வேலை. பொய் சொல்லும் முகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த மனிதர். ஓய்வு பெற்றபிறகும் இறால் பிடிக்கும் கூண்டு காணோம், துடுப்பு காணோம் என்று ஊர் அவர் வாசலுக்குத்தான் வரும். கூடவே அவருடைய மறைந்த மனைவியின் தங்கை நடீன் இருப்பாள். நூலகத்தில் வேலை. எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவாள். பெரும்பாலும் தப்பான ஆளை.

மெரில் சொன்னது இதுதான். அவளும் ராய்ஸ் ஆலியும் பத்தொன்பது வருடமாகச் சேர்ந்து பாறையேற்ற வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். இந்தத் திங்கட்கிழமை ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஒரு தம்பதி, டக்ளஸ் ஹெய்ன்ஸ், மார்சி ஹெய்ன்ஸ், ஒரு நாள் முழுக்கத் தங்களுக்கு மட்டும் வழிகாட்டி வேண்டுமென்று வந்தார்கள். பாதிரிமூக்குப் பாறையில்தான் ஏற்றம். அங்கே வழிகாட்டி உச்சியில் நிற்பார். ஏறுகிறவரைக் கயிற்றில் கட்டி அலைக்கு மேலே இருக்கும் திட்டு வரைக்கும் இறக்குவார். பிறகு அவர் ஏறிவர ஏறிவரக் கயிற்றை இறுக்கிக்கொண்டே வருவார். கயிறு மொத்தமும் உச்சியில் இரண்டு நைலான் நாடாக்களைத்தான் நம்பியிருக்கும். ஒன்றை ஒரு பாறையைச் சுற்றியும், இன்னொன்றைப் பின்னால் தள்ளி நிற்கும் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தைச் சுற்றியும் கட்டுவார்கள். அன்று காலை ஆறு மணிக்கே ராய்ஸ் போய் அந்த இரண்டையும் கட்டி, இடம் பிடித்துவிட்டு, இருவரும் நடத்தும் பாறையேற்றக் கடைக்குத் திரும்பிவிட்டான். மற்ற வழிகாட்டிகள் வந்து இடத்தைப் பிடிக்குமுன் இப்படிச் செய்வது அவர்கள் வழக்கம்.

பதினோரு மணிக்கு மார்சி திட்டிலிருந்து ஒரு ஆள் உயரம் ஏறியிருந்தாள். கை நழுவியது. கயிறு அவளைத் தாங்கியிருக்க வேண்டும், தாங்கவில்லை. திட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தலையிலும் அடி. அன்றைக்கு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. மெரில் வாக்கி-டாக்கியில் கடையைக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் தனியாகக் கட்டியிருந்த கயிற்றில் இறங்கி அவளைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் ராய்ஸ் மேலே வந்துவிட்டான். ரேஞ்சரும் ஸ்ட்ரெச்சரும் வர நாற்பது நிமிடம் ஆனது. ரேஞ்சர் நாடாக்களைச் சோதித்தார், இரண்டும் கல்லுப்போல இருந்தன. அப்படியானால் மெரில் கயிற்றை இறுக்காமல் விட்டிருக்கிறாள் என்றுதான் அர்த்தம். மனைவி கத்தியும் இவள் கவனிக்கவில்லை என்று கணவரும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை வழிகாட்டிகள் சங்கத்தில் விசாரணை. உரிமம் போனால் மறுபடி கிடைக்காது.

“பின்னாடி ஏதோ படக்குன்னு விட்ட மாதிரி இருந்துச்சு எல்வுட். ஒரே மூடுபனி, திரும்பிப் பார்த்தாலும் மரம் தெரியாது. அப்புறம் மேல வந்து பார்த்தா எல்லாம் கட்டினது கட்டினபடி இருக்கு,” என்றாள் மெரில். “ஒருவேளை நான்தான் அசந்துட்டேனா? மூணு நாளா இதே நெனப்பு. உரிமம் போறதுகூடப் பெருசில்ல. என் கையை என்னாலயே நம்ப முடியல.”

ராய்ஸ் என்ன சொல்கிறான் என்று எல்வுட் கேட்டார். அவன் ரொம்ப ஆதரவாக இருக்கிறானாம். யாருக்கும் ஒரு நொடி கண் அசரும், மனசில் போட்டுக் குழப்பிக்காதே என்று தினமும் சொல்கிறானாம். இதைச் சொல்லும்போதுதான் மெரில் அழுதாள்.

அவள் போனதும் நடீன் வாயைத் திறந்தாள். “புருஷன்தான். பொண்டாட்டியைச் செங்குத்துப் பாறைக்குக் கூட்டிட்டுப் போறவனை நான் எப்பவும் சந்தேகப்படுவேன்.”

“உன் புருஷன் உன்னை எங்க கூட்டிட்டுப் போனான்?”

“எங்கயும் கூட்டிட்டுப் போகல. அதான் நல்லா இருந்தோம்.”

ரேஞ்சர் எல்வுட்டுக்குப் பழைய சிநேகிதர். விசாரணைக்குமுன் வழக்கின் காகிதங்களைக் காட்டக்கூடாதுதான், இருந்தாலும் மேசைமேல் பரப்பிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான்கு புகைப்படங்களும், டக்ளஸ் ஹெய்ன்ஸ் கையெழுத்திட்ட ஒரு பக்க வாக்குமூலமும் இருந்தன. நடீன் அதை உரக்கப் படித்தாள்: “‘என் மனைவி “தூக்கு, தூக்கு” என்று இரண்டு முறை கத்தினாள். கயிற்றை இறுக்கும்படி மேலே இருப்பவரிடம் சொல்வதற்கு ஏறுபவர்கள் பயன்படுத்தும் சொல் அது. வழிகாட்டி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.’”

எல்வுட் அதை வாங்கி மறுபடியும் தானே படித்தார். பிறகு படங்களை எடுத்தார். விபத்தன்று விடிந்ததிலிருந்து மூடுபனி. படத்தில் பாறை, புல், கயிறு எல்லாமே நனைந்து கறுத்திருந்தன. பாறையைச் சுற்றிய ஆரஞ்சு நாடாவும் செங்கல் நிறத்துக்கு இருண்டிருந்தது. ஸ்ப்ரூஸ் மரத்து நாடா மட்டும் பளிச்சென்று இருந்தது.

“ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு,” என்றாள் நடீன்.

“இருக்கலாம்,” என்றார் எல்வுட். அவர் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

புதன்கிழமை பிற்பகலே இருவரும் கடைக்குப் போனார்கள். ராய்ஸ் ஆலி அகன்ற தோளும் சிரித்த முகமுமாக இருப்பவன். ஊரில் அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. பதினாறு வயதில் அவனும் மெரிலும் அவன் அப்பாவின் இறால் படகில் பின்தளத்து வேலை பார்த்தவர்கள். அந்தப் படகிலிருந்துதான் கயிறும் முடிச்சும் இருவருக்கும் வந்தது. கழுவின கயிற்றுச் சுருளை உத்தரத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தவன், நடீனைப் பார்த்ததும் மறுமுனையை அவள் கையில் திணித்தான். “சும்மா நிக்காதீங்க நடீன். அப்படியே பிடிங்க. ம், தூக்கு!” என்றான். நடீன் சட்டென்று இழுத்துவிட்டு, கை எரிகிறது என்று ஒரு பாட்டம் புலம்பினாள்.

எல்வுட் நாடாக்களைப் பற்றி விசாரித்தார். ராய்ஸ் தாராளமாகவே சொன்னான். வருடா வருடம் மே மாதம் ஒரே புதுச் சுருளை வாங்கி, எல்லா நாடாவையும் ஒரே நாளில் வெட்டுவார்கள். பழையதில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்வதில்லை. விபத்தன்று மேலே போனதும் நாடாவையெல்லாம் தொட்டானா என்று கேட்டதற்கு, அதற்கெல்லாம் ஏது நேரம், நேரே விளிம்புக்கு ஓடினேன் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, மெரிலைக் காப்பாற்ற ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அதே கடையில் எல்லாரையும் வரச்சொன்னார். மெரில் வந்தாள், ராய்ஸ் இருந்தான், மருத்துவமனையிலிருந்து டக்ளஸ் ஹெய்ன்ஸ் வந்தார். நான்கு நாளாகச் சவரம் செய்யாத, தூக்கமில்லாத மனிதர். நடீன் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, யாரும் ஓடிவிடாதபடி உட்கார்ந்துகொண்டாள்.

எல்வுட் முதலில் டக்ளஸிடம்தான் பேசினார். அன்று காலை பாறைக்குப் போகுமுன் மெரில் சில சொற்களைச் சொல்லிக் கொடுத்தாளா என்று கேட்டார்.

“பத்து தடவை சொல்ல வெச்சாங்க. பள்ளிக்கூடம் மாதிரி.”

“என்னென்ன?”

டக்ளஸ் விரல்விட்டு எண்ணினார். “ஏறுறேன். இறுக்கு. தளர்த்து. இறக்கு. அவ்வளவுதான்.”

“கயிறு தொய்வா இருந்தா உங்க மனைவி என்ன கத்தணும்?”

“இறுக்கு.” சொன்னவுடனே அவர் நெற்றி சுருங்கியது.

“ஆனா நீங்க எழுதினது தூக்கு.”

மெரில் நிமிர்ந்தாள். அந்த வாக்குமூலத்தை அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. அவள் எல்வுட்டைப் பார்க்கவில்லை, டக்ளஸையும் பார்க்கவில்லை. ராய்ஸைத்தான் பார்த்தாள்.

பயத்தில் யாரும் தூக்கு என்று கத்தலாமே என்று நடீன் குறுக்கே வந்தாள். கத்தலாம்தான் என்றார் எல்வுட். ஆனால் அது ஏறுபவர்களின் சொல் என்று அர்த்தமும் சேர்த்து எழுதியிருக்கிறாரே, ஹார்ட்ஃபோர்டுக்காரருக்கு அதை யார் சொன்னது? எந்தப் பயிற்சியிலும் அந்தச் சொல் கிடையாது. அது இறால் படகில் கூண்டை மேலே இழுக்கச் சொல்லும் சொல். கயிற்றை இறுக்குவதற்கு அதைச் சொல்கிறவர்கள் இந்தக் கரையில் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி பாறைத் திட்டில் அடிபட்டவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு அவளோடு ஆம்புலன்சில் போனாள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிக் கொடுக்கவும் மாட்டாள்.

“மருத்துவமனையில உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தது யார், மிஸ்டர் ஹெய்ன்ஸ்?”

டக்ளஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். உண்மையில் அவர் எதையும் பார்க்கவில்லை. அலுவலகத்திலிருந்து போன் வந்ததென்று பாதைப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். ஒரு அலறல் கேட்டது, அவ்வளவுதான். “நான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும். அவ அங்க தொங்கிட்டு இருந்தா, நான் ஆபீஸ் கதை பேசிட்டு இருந்தேன்,” என்றார். “இவர்தான் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவ தூக்குன்னுதான் கத்தியிருப்பா, நல்லா யோசிச்சுப் பாருங்கன்னார். யோசிக்க யோசிக்க எனக்கே கேட்ட மாதிரி ஆயிடுச்சு.”

மற்றதை எல்வுட் அவசரமில்லாமல் சொன்னார். இரண்டு நாடாவும் ஒரே சுருளில் ஒரே நாளில் வெட்டியவை. அப்படியிருக்க ஒன்று இருண்டும் ஒன்று வெளுத்தும் இருப்பது பழசு புதுசு என்பதால் இல்லை. ஒன்று ஐந்து மணி நேரம் மூடுபனியில் ஊறியிருந்தது. மற்றது அப்போதுதான் பையிலிருந்து வெளியே வந்திருந்தது. பதினோரு மணிக்குப் பிறகு, ரேஞ்சர் வருவதற்குமுன் அந்த மரத்துப் பக்கம் வந்தவன் ஒருவன்தான். காலையில் கட்டிய முடிச்சு கழன்று மரத்தடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறான். அது விட்டதும் கயிறு ஒரு ஆள் உயரம் தொய்ந்திருக்கிறது, பாறை நாடா பிடிக்குமுன் மார்சி திட்டில் விழுந்துவிட்டாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு, காய்ந்த நாடா ஒன்றைப் புதிதாகக் கட்டிவிட்டுத்தான் விளிம்புக்கு வந்திருக்கிறான்.

ராய்ஸ் மறுக்கவில்லை. அவன் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான். விடியற்காலைக் குளிரில் விரல்கள் விறைத்துப்போயிருந்தன என்றான். முடிச்சின் வால் குட்டையாக நின்றுவிட்டது. அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று நினைத்தான், பிறகு போதும் என்று விட்டுவிட்டான்.

அதுவரை மெரில் கோபப்படுவாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் குரல் உயரவே இல்லை.

“முடிச்சை விடு ராய்ஸ். முடிச்சு யாருக்கும் தப்பும். மூணு நாள் என் வீட்டுக்கு வந்தே. சூப் கொண்டு வந்தே. நான் என் கையைப் பார்த்துப் பார்த்து அழுதேன், நீ எதிர்ல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தே. எப்படிடா முடிஞ்சுது?”

“நீ தாங்கிப்பேன்னு நெனச்சேன்,” என்றான் ராய்ஸ். “நீ எப்பவும் தாங்குவே மெரில். என்னால முடியாது.”

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மெரில் தன் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள். நடீன் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் ராய்ஸ் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கழன்ற நாடாவையும் மேசைமேல் வைத்தான். அவன் உரிமம் அங்கேயே போயிற்று. மெரிலின் மேல் இருந்த புகாரைத் தள்ளிவிடலாம் என்று சங்கத் தலைவர் ஃபைலை மூடப் போனார். எல்வுட்டும் நடீனும் பின் வரிசையில் இருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நடீன் கைப்பையை எடுத்துவிட்டாள்.

மெரில் எழுந்து, ஃபைலை மூட வேண்டாம் என்றாள். அடுத்தவர் கட்டியதை ஆளை இறக்குமுன் வழிகாட்டி தன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் விதி. அந்தக் காலையில் தான் அதைச் செய்யவில்லை, மார்சி ஹெய்ன்ஸின் இடுப்பு முறிந்ததில் தன் பங்கும் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். தானாக யாரும் இப்படிச் சொல்லித் தலைவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு அனுபவம் இருந்தும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார்.

மெரில் ராய்ஸ் இருந்த பக்கம் திரும்பவில்லை.

“வேற யார் கட்டியிருந்தாலும் பார்த்திருப்பேன்,” என்றாள்.