நடிகர் பட்டியலில் இல்லாத சிறுமி

நவம்பர் மழைக்கு நடுவே பெலாமி தியேட்டரின் பக்கக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு மார்கோ உள்ளே வந்தாள். குடையை உதறினாள். பழைய வெல்வெட்டும் தூசியும் சூடேறிய விளக்குகளும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில், சுவர்களுக்குள் ஊறிக் கிடந்த ஈரத்தின் வாசனையும் இருந்தது.

அன்று 'கரை விளக்கு' என்ற இசை நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி. கதை, வசனம், பாட்டு எல்லாமே மார்கோவுடையவை. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை; மனைவி ஒவ்வொரு இரவும் கரையில் விளக்கேற்றிக் காத்திருக்கிறாள். விமர்சகர்கள் தொடக்க நாளன்றுதான் வருவார்கள். அதற்கு முன் மூன்று வாரம் டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்று, ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று கவனித்து ஓட்டை உடைசலை அடைப்பது எல்லோரும் செய்வதுதான்.

அன்று எல்லாமே ஓட்டையாகத்தான் இருந்தது. படகு மேடை நடுவில் சிக்கிக்கொண்டது. புகை இயந்திரம் கக்கிய மூடுபனி முன்வரிசைக்காரர்களை விழுங்க, அவர்கள் இருமிய இருமலில் கதாநாயகியின் முதல் பாட்டு காணாமல் போனது. இடைவேளையில் மார்கோ வழக்கம்போல் பெண்கள் கழிப்பறை வரிசையில் போய் நின்றாள். உள்ளது உள்ளபடி காதில் விழும் இடம் அது ஒன்றுதான்.

"என் தங்கச்சி பிரசவமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சுது," என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரித்தது. மார்கோவும் சிரித்து வைத்தாள்.

காட்சி முடிந்து கூட்டம் கலைந்தபோது, மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணி தன் கணவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "அந்தக் குட்டிப் பொண்ணு மட்டும் வரலைன்னா நான் பாதியிலேயே ரயிலுக்குக் கிளம்பியிருப்பேன். எவ்வளவு அழகா நின்னா, பாவம்."

மார்கோ நின்றுவிட்டாள்.

நாடகத்தில் குழந்தையே கிடையாது.

அந்த அம்மாள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு பேசியிருப்பாள் என்று அன்றைக்கு அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் மறுநாளும் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். தயாரிப்பாளர் டங்கன் கைப்பேசியில் ஜனங்கள் எழுதியதைக் காட்டினான். நாடகம் நீளம், படகு கேவலம், ஆனால் இரண்டாம் பாதியில் நாயகி தனியாகத் தாலாட்டு பாடும்போது விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் வந்து நிற்கும் சிறுமி அற்புதம், நடிகர் பட்டியலில் அவள் பெயரை ஏன் போடவில்லை என்று பலரும் கேட்டிருந்தார்கள்.

நடிகர்களில் யாரோ தன் பிள்ளையைக் கூட்டிவந்து மேடையோரத்தில் விட்டிருக்கிறார்கள் என்று டங்கன் முடிவு கட்டினான். எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டினான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேடையில் இருந்தவர்கள் எவரும் அப்படி ஒரு சிறுமியைப் பார்க்கவும் இல்லை. மார்கோவும்தான் பார்க்கவில்லை. தினமும் அரங்கின் கடைசிச் சுவரோரம் நின்று, கண் இமைக்காமல் அந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

நான்காம் நாள், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வாசலில் நின்று கொலீனிடம் வாதாடிக்கொண்டிருந்தார். கொலீன் இருபது வருஷமாக அங்கே இருக்கை காட்டுகிறவள். டப்ளின்காரி, யாராக இருந்தாலும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள்.

கதை நடப்பது நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் என்பது அவருடைய வாதம். குழந்தைக்கு இரவு உடுப்பு மாட்டியது சரி. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்ற மறந்தது யார்? காலுறையும் ஒரே காலில்தான் இருந்ததாம்.

அருகில் இருந்த மார்கோவின் காதில் அது விழுந்தது.

ஆஸ்பத்திரியில் மகள் எல்ஸியின் இடது பாதத்தில்தான் ஊசி ஏற்றியிருந்தார்கள். அந்தக் காலுக்குக் காலுறை போட முடியவில்லை. குளிருதும்மா என்றது குழந்தை. மார்கோ இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பொத்தி வைத்துக்கொண்டாள். விடியும்வரை பொத்தி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாதம் சூடேறவே இல்லை. எல்ஸிக்கு அப்போது ஏழு வயது. அது நடந்து பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

இரண்டாம் பாதியில் வரும் தாலாட்டு எல்ஸியைத் தூங்கவைக்க மார்கோ இட்டுக்கட்டிப் பாடியது. பத்து வருஷத்துக்கு மேல் அதை வாய்விட்டு முணுமுணுக்கக்கூட அவளால் முடியவில்லை. இந்த நாடகத்தில்தான், வேறு ஒருத்தி குரலில், அதை முதல் முறையாக வெளியே விட்டிருந்தாள்.

அன்றிரவு கொலீனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். கொலீன் சிலுவை போட்டுக்கொண்டாள். பயந்தமாதிரி தெரியவில்லை.

"பாட்டு கேட்டுத்தான் வந்திருக்கா, கண்ணு," என்றாள் தாழ்ந்த குரலில். "வந்தவ உன்னைத் தேடாம வேற யாரைத் தேடுவா?"

அவள் சொன்னது சரிதான் என்பது அடுத்த நாளே தெரிந்தது.

சிறுமி இப்போது விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் இல்லை. மேடையின் விளிம்புக்கு வந்துவிட்டாள் என்றார்கள். அதற்கடுத்த நாள் கீழே இறங்கினாள். முதல் வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று முகத்தை அண்ணாந்து பார்த்தாளாம். நல்ல உத்தி, ஆனால் அவள் மூச்சு ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வாழைப்பழ வாசனை குமட்டியது என்றாள் ஒருத்தி. பழ வாசனை இல்லை, குழந்தைகளுக்குக் கொடுக்கும், வாழைப்பழ மணம் சேர்த்த மஞ்சள் மருந்தின் வாசனை என்று மார்கோவுக்குத் தெரியும்.

பிறகு இரண்டாம் வரிசை.

பிறகு மூன்றாவது.

இப்போது யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை. தாலாட்டு தொடங்கியதுமே முன்வரிசைகளில் ஆட்கள் மேலங்கியை அள்ளிக்கொண்டு எழுந்து போனார்கள். ஒரு பெரிய மனிதர் கழிப்பறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததாகக் கொலீன் சொன்னாள். என்ன ஐயா என்று கேட்டதற்கு, 'அவ தேடுற ஆள் நான் இல்லைன்னு தெரிஞ்சதும் அவ முகம் போன போக்கைப் பார்க்க முடியலை' என்றாராம்.

அந்தப் பாட்டை வெட்டிவிடலாம் என்றான் டங்கன். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, தொடக்க நாள் நெருங்க நெருங்கத் தேய்ந்துகொண்டிருந்தான். பாட்டை எடுத்தால் நாடகத்தின் பெயரையும் மாற்றிக்கொள், என் பெயரையும் எடுத்துவிடு என்று மார்கோ சொல்லிவிட்டாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு காட்சி கிடைத்தது. புதன்கிழமை மதியக் காட்சி. அதற்குப் பிறகு பாட்டு கிடையாது.

புதன்கிழமை மார்கோ கடைசிச் சுவரோரம் நிற்கவில்லை. நான்காம் வரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மதியக் காட்சிக்கு வரும் கூட்டம் வந்திருந்தது. ஐஸ்கிரீம் கிண்ணங்களைச் சுரண்டும் சத்தம். மிட்டாய்க் காகிதங்களின் சலசலப்பு. பக்கத்தில் மெலிந்த மனிதர் ஒருவர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பாதியில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, மேடையில் ஒரே ஒரு நீல வெளிச்சம் மிஞ்சியது. நாயகி தாலாட்டைத் தொடங்கினாள்.

அரங்கில் இருமல் நின்றது.

முன்வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. பிறகு அதற்குப் பின்வரிசையில் ஒரு பெண் மெல்ல முனகினாள். பார்வையாளர்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லோருடைய கண்ணும் நடைபாதையில் எதையோ பின்தொடர்ந்து வந்தது. இடுப்பளவு உயரத்தில். மெதுவாக.

மார்கோவின் கண்ணுக்கு வெறும் கம்பளம்தான் தெரிந்தது.

மஞ்சள் மருந்தின் வாசனை வந்தது.

"எல்ஸி," என்றாள். "எல்ஸிக்கண்ணு. இங்க இருக்கேன்டா."

குளிர் அவள் முழங்காலில் பட்டது. மடியில் ஏறியது. இரண்டு கன்னத்திலும் பரவி, அங்கேயே நின்றது. மார்கோ கைகளை நீட்டிக் காற்றை அணைத்தாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

குளிர் விலகியது.

பாட்டு முடிந்தும் யாரும் கைதட்டவில்லை. விளக்கு வந்ததும் பக்கத்தில் இருந்த மனிதர் பக்கம் திரும்பி, என்ன பார்த்தீர்கள், மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"உங்க மடியில முட்டி போட்டு ஏறுனா," என்றார். "உங்க முகத்தை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாம்மா. அப்புறம் இல்லைன்னு தலையாட்டிட்டு இறங்கிட்டா. நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள்கிட்ட போயிட்டா."

மார்கோ எழுந்து கழிப்பறைக்குப் போனாள். அன்று அங்கே வரிசை இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் முகத்தை ஒரு குழந்தை பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஒட்ட வெட்டிய நரைத்தலை. தொங்கிப்போன கன்னம். பதினொரு வருஷம் மற்றவர்களுக்கு எவ்வளவோ, அவளுக்கு அது இருபத்தைந்தாக ஏறியிருந்தது. எல்ஸி கடைசியாகப் பார்த்த அம்மாவுக்குச் செம்புநிறத்தில் இடுப்புவரை தலைமுடி. யாரோ ஒரு கிழவியைப் போய் அம்மா என்று அந்தக் குழந்தை எப்படி நினைக்கும்?

கொலீன் வந்து பின்னால் நின்றாள். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

'கரை விளக்கு' தொடக்க நாளைப் பார்க்கவில்லை. மீதி டிக்கெட்டுகளுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டங்கன் படகைப் பிரித்து லாரியில் ஏற்றினான். போகும்போது மார்கோவைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். மன்னிக்க அதில் என்ன இருக்கிறது என்றாள் அவள்.

வசந்தத்தில் பெலாமியில் வேறு ஒரு நாடகம் வந்தது. கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொள்ளும் சிரிப்பு நாடகம். நல்ல கூட்டம். அதில் தாலாட்டு ஏதும் இல்லை. மார்கோ முடியை வளர்த்தாள், சாயம் பூசினாள். சாயக் கடைக்காரி எவ்வளவு முயன்றும் அந்தப் பழைய செம்பு வரவில்லை, ஒரு மாதிரி துருப்பிடித்த நிறம்தான் வந்தது. புதன்கிழமை தோறும் மதியக் காட்சிக்குப் போய்க் காலியாக இருக்கும் வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். கொலீன் டிக்கெட் கேட்கமாட்டாள். சுற்றிலும் ஜனங்கள் சிரிப்பார்கள். மார்கோ உதட்டுக்குள் அந்தப் பாட்டை ஓட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் குளிர் வந்ததில்லை.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. அவளுக்கு நேர் முன்னால் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். நீளமான முடியை நாற்காலியின் பின்புறம் வழிய விட்டிருந்தாள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் பொறுமையிழந்து திரும்பினாள். ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு ரொம்ப நேரமா என் முடியை விரல்ல சுத்திக்கிட்டே இருக்கா. கொஞ்சம் சொல்றீங்களா?"

மார்கோ பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. ஆனால் முன்னிருக்கையிலிருந்து ஒரு முடிக்கற்றை மட்டும் நீண்டு, அந்தரத்தில் இழுபட்டு நின்றது. அதன் நுனி எதையோ சுற்றிச் சுருண்டிருந்தது, ஒரு சின்ன விரல் கனத்துக்கு.

எல்ஸி தூக்கம் வரும்போது மார்கோவின் முடியை அப்படித்தான் சுற்றுவாள்.

மார்கோவின் கை அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. தொட்டால் கலைந்துவிடும் என்ற பயம்.

"தூக்கம் வந்துடுச்சு அவளுக்கு," என்றாள் மெதுவாக. "தூங்குற வரைக்கும் கொஞ்சம் அப்படியே இருங்களேன்மா."

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பி, தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொடுத்தாள்.

மேடையில் ஏதோ ஒரு கதவு அடித்துக்கொண்டது. அரங்கம் சிரித்தது.

காலியான இருக்கையில் அந்த முடிக்கற்றை மெல்ல ஒரு சுற்று சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று.