கண்ணாடிக்குப் போன காற்று

சித்தாண்டியைத் தாண்டும்போது, ஸாதியாவின் மடியிலிருந்த பெட்டியில் ஒரு குஞ்சு தலையைத் தொங்கப்போட்டது.

"வாப்பா, இது எழும்புதில்ல!"

பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்த வாப்பா மின்ஹாஜ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பழைய பிக்கப்பின் இருக்கை முழுக்கப் பெட்டிகள். பெட்டிகள் நிறையக் கோழிக்குஞ்சுகள். ஏறாவூரில் அவர்கள் வீட்டிலேயே முதல் நாள் பொரித்தவை. பின்தட்டில் வைத்தால் வெயில் தாங்காது என்றுதான் முன்னால் ஏசிக்குள் ஏற்றியிருந்தார்கள்.

ஆனால் பாதி வழியில் டாஷ்போர்டுத் துளைகளில் காற்று நின்றுவிட்டது. ஜன்னலை இறக்கினால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாய் முகத்தில் அடித்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி இரைத்தன.

கிரானில் அழகரத்தினம் மாமா காத்துக்கொண்டிருப்பார். மாரி வெள்ளம் அவருடைய கோழிகளைக் கூட்டோடு அள்ளிக்கொண்டு போயிருந்தது. இந்தக் குஞ்சுகளை நம்பித்தான் அவர் புதுக்கூடு கட்டியிருந்தார்.

வாப்பா ஒரு மருத மரத்தடியில், எஞ்சினை அணைக்காமலே பிக்கப்பை நிறுத்தி, கராஜ் வைத்திருக்கும் பிரதீஸுக்கு ஃபோன் எடுத்தார்.

"ஏசி செத்துட்டு பிரதீஸ். குஞ்செல்லாம் சாகுது. கெதியா வா."

"நான் கொழும்பில நிக்கிறன் நானா. ஏசி பழுதெண்டா ரோட்டில வச்சு ஒண்டும் செய்யேலாதே."

வாப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சு மகள். எல்லாம் முடிஞ்சு."

வாப்பா இப்படிச் சொல்லி ஸாதியா கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை எடுக்க உள்ளே எட்டினாள். கை முன்கண்ணாடியில் பட்டது.

கண்ணாடி சில்லென்று இருந்தது! அதன் அடியிலிருந்து குளிர்காற்று மேல்நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் ஃபோனை வாங்கினாள். "பிரதீஸ் மாமா, காத்து நிக்கல்ல. கண்ணாடிக்குப் போகுது!"

"அப்படியா? அப்ப ஏசி நல்லாத்தான் இருக்கு புள்ள! டாஷ்போர்டுக்குள்ள சின்னக் கதவுகள் இருக்கு. எஞ்சின் ஒரு ட்யூப்பால உறிஞ்சி அதுகளை இழுத்துப் பிடிக்குது. அதுதான் வக்யூம். ட்யூப் எங்கயாவது வெடிச்சா இழுவை விட்டுப் போயிரும், காத்து கண்ணாடிக்கு ஓடிரும். பொனட்டைத் திறந்து பாருங்க, 'ஸ்ஸ்' எண்டு கேக்கும்."

வாப்பா எஞ்சின்மேல் காதைச் சாய்த்தார். "இதுகள் கத்துறதுக்குள்ள என்ன கேக்கும்?"

ஸாதியா பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் மர நிழலில் வைத்தாள். கீச்சுச் சத்தம் தூரப்போனது. திரும்பி வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்தாள்.

"ஃபேன் பக்கம் போகாத மகள்!"

பெட்டரிக்குப் பின்னாலிருந்து மெல்லியதாக ஸ்ஸ்ஸ்... பென்சில் அளவு கறுப்பு ட்யூப். அதன் நுனி ஓரத்தில் ஒரு வெடிப்பு. அதில் விரலை வைத்தாள்.

"வாப்பா, என்ட விரலை உறிஞ்சுது!"

உள்ளே ஓடிய வாப்பா கத்தினார். "வந்துட்டு! காத்து வந்துட்டு!"

விரலை எடுத்தாள். "போயிட்டு!" மறுபடி வைத்தாள். "வந்துட்டு!"

எஞ்சினை நிறுத்தி, வெடித்த நுனியை வாப்பா கத்தியால் வெட்டியெறிந்தார். மீதி ட்யூப்பை இறுக்கிச் சொருகினார். பிறகு கிரான் வரைக்கும் துளைகளில் குளிர்காற்று வந்தது.

ஆனால் அங்கே பெட்டிகளைத் திறந்தபோது சில குஞ்சுகள் அசையவே இல்லை. முதலில் தலை சாய்த்ததும் அவற்றில் ஒன்று.

"கொஞ்சம் முந்திக் கண்ணாடியைத் தொட்டிருந்தா..." ஸாதியா விம்மினாள். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அழகரத்தினம் மாமா செத்த குஞ்சுகளை ஒரு துணியில் மெதுவாக எடுத்து வைத்தார். "பிறகு அழலாம் புள்ள. இப்ப மிச்சக் குஞ்சுகளுக்குத் தண்ணி வைக்கோணும். வா."

துவண்டுகிடந்த குஞ்சு ஒன்றின் அலகைத் தண்ணீரில் தொட்டுவைத்தாள் ஸாதியா. அது அசையவில்லை. மறுபடி தொட்டுவைத்தாள். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. பிறகு அது தானாகவே தலையை நிமிர்த்தி விழுங்கியது.

அதன் பிறகுதான் ஸாதியா தனக்கும் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.