தென்கடல் கம்பி

உப்பளத்து வேலைக்குப் பக்கம் என்று வாடகைக்குப் பிடித்த வீட்டில் இன்பமணி சாமான்களை இறக்கியபோது உச்சிவெயில். கரண்டும் போயிருந்தது. களைப்பில் கூடத்துத் தூணில் சாய்ந்தவள் துள்ளி எழுந்தாள். வெயிலே படாத அந்தத் தூண் சுட்டது.

வீட்டுக்காரர் பிச்சையா சிரித்தார். "பயப்படாத தாயி. தூணுக்குள்ள அத்தனையும் தென்கடல் ஆலைக் கம்பி, கொஞ்சம் சூடு இழுக்கும். ஆலை ஓகோன்னு ஓடுன காலத்துல இந்தத் தெரு முழுக்க அதைப் போட்டுத்தான் கட்டுனோம்."

சாவியைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். தென்கடல் என்ற பேர் அவளுக்குப் புதிதல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தில் பழைய இரும்பு வந்திறங்கி, தென்கடல் ஆலையில் உருகி, கம்பியாகி ஊர் ஊராகப் போன காலம் அது. அங்கே வேலை என்றால் பெண் கொடுக்க முந்துவார்கள். அவளைக் கொடுத்ததும் அப்படித்தான். அவள் புருஷன் சுடலைக்கண்ணு உருக்குத் தொட்டிக்குள் தவறி விழுந்ததும் அந்தக் காலத்தில்தான்.

எரிக்க எலும்புகூட இல்லை. அந்த உருக்கில் எடுத்தது என்று ஆலை ஒரு கட்டியைக் கொடுத்தது. அதைப் பாடையில் தூக்கிப்போய்ச் சுடுகாட்டில் புதைத்தார்கள். அப்புறம் வெளிநாட்டு இரும்பு மலிவாக வந்து குவிந்தது. உலை அணைந்தது. முதலாளி கேட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் வேறு தொழில் பார்க்கப் போனார், மகராசன். புருஷனை முறைப்படி அனுப்பிவைத்தோம் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய ஆறுதல்.

தூணுக்குள் ஏதோ தட்டியது.

காதை வைத்தாள். உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். இரும்பு வேகும் வாடை அடித்தது.

உலையில் ஃபோர்மேனாக இருந்த ஆவுடையப்பன் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். ஓடிப்போய் அழைத்து வந்தாள். தூணைத் தொட்ட மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்குத் தந்தது வேற கட்டி, தாயி," என்றார் அடங்கிய குரலில். "அன்னைக்கு ஆர்டர் அவசரம். அவன் விழுந்த உருக்கைத் தனியா ஊத்திருவோம்னு காலைப் பிடிச்சுக் கேட்டேன். மொதலாளி கேக்கல. கம்பியா இழுத்து வித்துட்டாவ."

இன்பமணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "இந்தத் தூணை ஒடைப்போம், அண்ணாச்சி. இப்பவாவது அவுகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவோம்."

"ஏளா, தூணு போனா வீடே விழுந்துரும். அவன் என்ன, இந்த ஒரு தூண்லயா இருக்கான்?"

அவள் கண் கூடத்தின் மற்றத் தூண்களுக்குப் போனது.

"இன்பமணி..."

ஆவுடையப்பன் வாய் திறக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று சுடலைக்கண்ணு கூப்பிடும் அதே குரல், தூணுக்குள்ளிருந்து.

"உள்ள வேகுதுளா. எடுத்துரு."

அவள் தூணைக் கட்டிக்கொண்டாள். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை. "நான் ஒத்தப் பொம்பளை, எங்கிட்டுன்னு எடுப்பேன்?" என்று கதறினாள்.

வெளியே ஒரு கதவு திறந்தது. அப்புறம் எதிர்வீட்டுக் கதவு. தெருக்கோடி வரை கதவுகள் திறந்துகொண்டே போயின. பெண்கள் வெளிறிய முகத்தோடு வெயிலில் வந்து நின்றார்கள். இன்று குடிவந்த அவளை அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

"இங்கன இன்பமணிங்கிறது யாரு?" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுத் தூணுக்குள்ள இருந்து ஒரு ஆளு கூப்பிடுதாரு."