ஜோஸ்லின் வைத்த நேரம்

சூலூரைத் தாண்டி மில் வாசலில் வின்ஸ்டன் பேருந்தைவிட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஜோஸ்லினை அடக்கம் செய்த பிறகு இன்றுதான் வேலைக்கு வருகிறான். பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ரெபேக்கா என்று பெயர் வைத்து, காரமடையில் மாமியார் ஜெபமணியிடம் விட்டிருந்தான்.

மேலாளர் மருதாசலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். துக்கம் விசாரிக்கத் தெரியாத மனிதர். நேராக வேலையைப் பற்றிப் பேசினார். வின்ஸ்டனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"வாங்க தம்பி. இங்க ஒரே கூத்துங்க. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு டைம் காட்டுது. பொங்கியண்ணன் வேலைக்கு வாரதுக்கு முன்னாலயே ஊட்டுக்குப் போய்ட்டதா பதிவாயிருக்குதுங்க. 'அப்ப உள்ள நின்னு நூல் ஓட்டுனது யாருங்க, என்னோட பேயா?'ன்னு அந்தாளு சண்டைக்கு வாரான்."

"பாக்கறேங்க சார்."

சர்வர் அறை முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அப்பால் நூற்பு இயந்திரங்களின் இரைச்சல், இப்பால் ஏசியின் குளிர். நடுவில் ஒரே ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள்தான் மில்லின் கணினிகள் அத்தனையும் ஓடின. விஎம் என்பார்கள். உடம்பில்லாத கணினிகள்.

அவற்றில் மூன்று, மில்லுக்கு நேரம் சொல்பவை. ஜோஸ்லின் இங்கே வேலை பார்த்தபோது அமைத்தவை. மூன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ரெண்டு கடிகாரம் சண்டை போட்டா யார் சரின்னு தெரியாதுங்க. மூணுல ரெண்டு ஒண்ணு சொன்னா அதான் நேரம். மிச்சம் ஒண்ணு பொய்யன்."

மூன்றாவது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய நாள், ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே உறைய வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதனால்தான் மற்ற இரண்டும் சண்டை போட்டன.

வின்ஸ்டன் அதை எழுப்பினான்.

உறைந்த கணினி விழிக்கும்போது, இடையில் காலம் போனது அதற்குத் தெரியாது. நிறுத்திய கணத்திலிருந்தே தொடரும். ஒரே ஒரு கட்டளை கொடுத்து அதன் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். அவன் விரல் விசைக்குப் போனது.

திரையில் ஒரு சாட் ஜன்னல் திறந்திருந்தது. வேலை நேரத்தில் அவனோடு வம்பளக்க அவள் வைத்திருந்தது. அதில் அனுப்பாத ஒரு வரி.

ஏனுங்க சார், இன்னைக்கு ஒரே உதை. கண்டிப்பா பொண்ணு

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வரி நீண்டது.

தான். சாப்ட்டீங்களா?

அறையில் நீலகிரித் தைலம் மணத்தது. கடைசி மாதங்களில் தலைவலிக்கு அவள் அதைத்தான் நெற்றியில் தேய்த்துக்கொள்வாள்.

கடிகாரத்தைச் சரிசெய்தால் இந்தக் கணம் போய்விடும். விரலை எடுத்துக்கொண்டான்.

சாப்ட்டேன், என்று தட்டினான்.

பொய். மூஞ்சிய பாத்தா தெரியுது.

காலை முழுவதும் அப்படியே போயிற்று. மதியச் சங்கு ஊதியபோதுதான் மற்ற இரண்டையும் திரும்பிப் பார்த்தான். அவற்றில் ஒன்று தன் தேதியை விட்டுவிட்டு அவளுடைய தேதிக்கு மாறியிருந்தது.

மூன்றில் இரண்டு.

மருதாசலம் தலையை நீட்டினார். "டைமெல்லாம் ஒண்ணாயிருச்சுங்க தம்பி. ஆமா, ஜோஸ்லின் அம்மணி எங்கீங்க? வவுத்துப் புள்ளக்காரி, ரொம்ப நேரம் ஏசில உக்கார வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் விளையாடவில்லை.

வின்ஸ்டன் செல்பேசியை எடுத்தான். முகப்பில் ரெபேக்காவின் படம் இருக்கும். இல்லை. பெரிய வயிற்றோடு ஜோஸ்லின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காரமடைக்கு அழைத்தான்.

"அத்தை, குழந்தை என்ன பண்றா?"

"ஏனுங்க மாப்ள, எந்தக் குழந்தைங்க?"

அவன் செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஜெபமணியே தொடர்ந்தார்.

"ஜோஸ்லின் மாத்திரை போட்டுட்டாளாங்க? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வெள்ளனே வாரேன்னு சொல்லுங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அவன் தட்டினான்.

பொண்ணுதான். பொறந்துட்டா. பேரு ரெபேக்கா.

திரை அசையவில்லை. சுவருக்கு அப்பால் இருந்த இரைச்சல்கூட அடங்கியதுபோல் இருந்தது.

அப்ப என் கடிகாரம்தான் பொய்யா?

ஆமா.

ரொம்ப பின்னால இருக்கேனா?

ஆமா.

குளிர் ஏறியது. மூச்சு புகையாக வெளிவந்தது.

அவ நடக்கறத நான் பாக்கணுமே.

கண்ணை மூடிக்கொண்டு கட்டளையைக் கொடுத்தான். திறந்தபோது சாட் ஜன்னல் இல்லை. தேதி இன்றைக்கு வந்திருந்தது. அந்தக் கணினியை அடியோடு அழித்தான். செல்பேசியில் ரெபேக்காவின் படம் திரும்ப வந்திருந்தது. மீண்டும் அழைத்தபோது மாமியார், "பால் குடிச்சுப்போட்டுத் தூங்கறாளுங்க" என்றார். அவன் அழவில்லை. புதிதாக ஒரு மூன்றாவது கணினியை அமைத்துவிட்டுக் கிளம்பினான்.

அந்த வாரக் கடைசியில், வெயில் ஏறிய ஒரு காலையில், நேரம் சொல்லும் கணினிகளின் நிலையைப் பார்க்கத் திரையைத் திறந்தான்.

மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன.

நான்காவது, அவன் அழித்த கணினி. பெட்டிக்குள் அது இல்லை. தேடிப் பார்த்தான். எங்கேயும் இல்லை. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது அது பின்தங்கவில்லை.

முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷத்துத் தேதி.

அவன் பார்க்கும்போதே புதிய கணினி அதன் பக்கம் சாய்ந்தது. பிறகு இன்னொன்று. இன்றைய தேதியைச் சொல்ல ஒன்றே ஒன்று மிஞ்சியது.

செல்பேசி அடித்தது. காரமடை.

"மாப்ள..." ஜெபமணிதான். "ஒடனே வாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"என்னாச்சுங்க அத்தை?"

"புள்ள தொட்டில்ல இருந்து எறங்கி நிக்குதுங்க. இன்னும் தலை நிக்காத புள்ளைங்க மாப்ள."

வின்ஸ்டனின் நாசியில் நீலகிரித் தைலம் ஏறியது.

"நடக்குதுங்க. வாசலப் பாத்து நடக்குது." அவர் கிசுகிசுத்தார். "ஒத்தக் கையத் தூக்கி வெச்சிருக்குதுங்க. யாரோ புடிச்சுக் கூட்டிட்டுப் போறாப்புல."