காலி சாக்கெட்டில் துடித்த முள்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே திண்டிவனம் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். இப்போது மணி மூன்று. ஆனாலும் தென்னரசுவின் மேசைமேல் இருந்த ஆம்ப்ளிஃபயரில் இரண்டு கண்ணாடி வால்வுகளும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன.

பிளக்கைப் பார்த்தான். வயர் சுருட்டி வைத்தபடியே தரையில் கிடந்தது. விழுப்புரத்தில் இடித்த தியேட்டரிலிருந்து எடைக்கு வாங்கிவந்த பெரிய ஸ்பீக்கர், மூடிய பாத்திரத்துக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இரைந்துகொண்டிருக்க, பற்றவைத்த ஈயத்தின் வாசனையும் சூடேறின தூசியின் வாசனையும் அறை முழுக்க நிறைந்திருந்தன.

மூன்று வாரத்துக்கு முன் இதே மேசையில்தான் அவன் கூட்டாளி சவரிநாதன் செத்துப்போனான். கட்டினது சவரி, டிசைன் தென்னரசு. ஒரு வால்வு தள்ள, இன்னொன்று இழுக்க, இரண்டும் ஆளுக்குப் பாதியாகச் சத்தத்தைச் சுமந்துவந்து டிரான்ஸ்பார்மரில் சேர்க்கும். கரண்டை நிறுத்தின பிறகும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கண்டென்சரில் நானூற்றைம்பது வோல்ட் தங்கி நிற்கும். அதை வடித்துவிடும் ரெசிஸ்டரை, சூடாகிறது என்று பிடுங்கிப் போட்ட மேதாவியும் தென்னரசுதான்.

"வடிச்சிட்டியாடா?" என்று அன்றைக்குச் சவரி கேட்டான்.

"அதெல்லாம் ஆச்சி, கை வை."

வடிக்கவில்லை. மறந்துபோயிருந்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எல்லோரிடமும் ஹார்ட் அட்டாக் என்றான். பெட்டியில் வைக்கும்போது பிணத்தின் கையில் செபமாலை சுற்றுகிற வேலையை அவனே கேட்டு வாங்கி, கருகின விரல் நுனிகள் வெளியே தெரியாதபடி நாலு சுற்று சுற்றினான். கூட்டாளின்னா இப்படி இருக்கணும் என்று தெருவே சொன்னது. அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசியது.

துணியைச் சுற்றி ஒரு வால்வைப் பிடுங்கினான். சத்தம் பாதியாகக் குறைய வேண்டும். குறையவில்லை. காலி சாக்கெட்டில் மீட்டரை வைத்தான். முள் ஏறியது. இறங்கியது. ஏறியது. நாடி மாதிரி.

"அண்ணா, உள்ளயா கீறீங்க?"

சவரியின் மனைவி ஜெசிந்தா. வாசலைத் தாண்டி வந்துவிட்டாள்.

"முப்பதாம் நாள் பூசைக்கு அவரு செஞ்ச செட்டுலதாண்ணா பாட்டு போடணும். எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தூக்கமே இல்லண்ணா. பிரஷருன்னு தெரிஞ்சும் நாந்தானே தெனம் கருவாடு ஆக்கிப் போட்டேன். நாந்தான் அவரக் கொன்னுட்டேன்."

சொல்லிவிட வேண்டும். இப்போதே. தன் பாவத்தை இவள் தலையில் ஏற்றிவிட்டுச் சும்மா நிற்கிறோமே என்று அவமானத்தில் காது சுட்டது.

"அப்படிலாம் இல்லம்மா" என்றான். அவ்வளவுதான் வந்தது.

ஸ்பீக்கரில் இரைச்சல் நின்றது. ஒரு மூச்சு. அப்புறம், தெளிவாக:

"ஜெசி."

அவள் முகம் மலர்ந்தது. "அவரு கொரலுண்ணா! பதிவு பண்ணி வச்சிகீறீங்களா?"

கையை நீட்டிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

தொடாதே என்று கத்த வேண்டும். கத்தினால் ஏன் என்பாள். ஏன் என்றால்...

வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

அவள் இரண்டு கையும் ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சேசிஸில் விழுந்தன.

அலறவில்லை. விறைத்து நின்றாள். மார்பில் மூச்சு இல்லை. ஸ்பீக்கரில் சவரி பேச ஆரம்பித்தான். நிதானமாக, ஒன்று விடாமல், தான் செத்த மத்தியானத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு போனான்.

இமைக்காத கண்களோடு, மூச்சில்லாத ஜெசிந்தா உம் கொட்டினாள்.

"ம்."

அவன் மேலே சொன்னான்.

"ம்."

பிறகு உடம்பு அசையாமல், முகம் மட்டும் மெல்லத் தென்னரசுவின் பக்கம் திரும்பியது.