இரண்டு கதவுகளுக்கு நடுவே

மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குடையை மடக்கிக்கொண்டு ஆறு மாடிக் கட்டடத்தின் வாசலில் வந்து நின்றாள் அந்த வாசலுக்கு வரைபடம் போட்டவள். அங்கே குடியிருப்பவர்கள் அவளை 'வாசலம்மா' என்றுதான் சொல்வார்கள். அவள் போட்ட வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் வீடு வாங்கினார்கள். அவளுடைய அக்காவும் அதில் அடக்கம்.

வாசலுக்குக் கதவு ஒன்றில்லை, இரண்டு. தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடிக் கதவு, லிஃப்டைப் பார்த்து இன்னொன்று, நடுவே ஒரு சின்ன அறை. ஒருவர் உள்ளே வந்து முன்கதவு மூடினால்தான் பின்கதவு திறக்கும். அறையில் இரண்டு பேர் என்று மெஷின் எண்ணிவிட்டால் எதுவுமே திறக்காது. யார் முதுகுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டு திருடன் நுழைய முடியாது. எப்பேர்ப்பட்ட யோசனை! திருடன் வரவில்லை என்பதும் உண்மைதான்.

பதினைந்து நாளைக்கு முன் மூன்றாம் மாடி டீச்சர் பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மெஷின் அதையும் ஓர் ஆளாக எண்ணிவிட்டது. டீச்சருக்கு வீசிங் உண்டு, எப்போதும் நெஞ்சில் தைலம் தடவிக்கொள்வார். தண்ணீர் மோட்டார் போடப் போன வாட்ச்மேன் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதல் வரைபடத்தில் அந்த அறைக்குள் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. அவசரத்துக்கு இழுத்தால் கதவு திறந்துவிடும். கண்ணை உறுத்துகிறது, வருகிறவர்களை வரவேற்கிற மாதிரி இல்லை என்று வாசலம்மாவேதான் அதை அழித்தாள். அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. இப்போது அவள் பையில் இருந்த அறிக்கை, டீச்சர் சாவுக்கு வாட்ச்மேன் இடத்தில் இல்லாததே காரணம் என்றது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாலு மணிக்கு அக்கா ஐந்து நாள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து இதே வாசல் வழியாக வரப்போகிறாள்.

கார்டைக் காட்டி உள்ளே போனாள். முன்கதவு மூடியது.

பின்கதவு திறக்கவில்லை.

சுவரில் இருந்த சின்னத் திரையில் எழுத்து ஒளிர்ந்தது: 'இருவர்.'

கையில் குடை, தோளில் பை, அவ்வளவுதான். இரண்டையும் காலடியில் போட்டாள். 'இருவர்.' வெளியே மழை கொட்டுவது தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டது.

யாரோ மூச்சு இழுத்தார்கள்.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். அது நிற்கவில்லை. மெல்லிய கீச்சொலியோடு, காதுக்கு ஒரு முழம் தள்ளி, ஏறி இறங்கியது. அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்ததில் வாட்ச்மேன் சாவியோடு ஓடிவந்தார்.

"என்னம்மா, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே."

மெக்கானிக் வந்து எண்ணும் மெஷினை நிறுத்தினான். அவள் சொன்னபடி ஒரு சிவப்புக் கைப்பிடியையும் உள்ளே மாட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். இது ஆரம்பத்துலயே இருந்திருக்க வேண்டிய சாமானாச்சே. வரைபடத்துல இல்லையா?"

வாட்ச்மேன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல," என்றாள். அறிக்கையில் கையெழுத்தும் போட்டாள். வாய் கூசவில்லை.

நாலாம் மாடியில், அக்கா வீட்டில், குழந்தைக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அக்கா நின்றாள். இரண்டு கையிலும் பை.

"குழந்தை எங்கக்கா? மாமா வெச்சிருக்காரா?"

"அவரு காரை நிறுத்துறாரு, வாட்ச்மேன் வழி காட்டுறாரு. குழந்தை மூணாம் மாடி டீச்சரம்மாகிட்ட இருக்குடி. கதவுக்கு நடுவுல நின்னுட்டிருந்தாங்க. பச்ச உடம்போட எல்லாத்தையும் தூக்காத, நீ முன்னால போ, நான் பின்னாலயே வர்றேன்னாங்க. பாவம், அவங்களுக்கே மூச்சு வாங்குது."

பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவைச் சொல்வானேன் என்று அக்காவிடம் யாரும் வாய் திறந்திருக்கவில்லை.

வாசலம்மா படியில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

கண்ணாடிக்கு அப்பால், தரையில், துணியில் சுற்றியபடி குழந்தை. வேறு யாரும் இல்லை. கார்டைக் காட்டினாள். கதவு அசையவில்லை. தெருப் பக்கமிருந்து வாட்ச்மேன் சாவியைப் போட்டுத் திருகினார். சாவி சுற்றியது, அந்தக் கதவும் திறக்கவில்லை. கைப்பிடியோ உள்ளே இருந்தது. மெக்கானிக் நிறுத்திவிட்டுப் போன திரையில் எழுத்து ஒளிர்ந்தது.

'இருவர்.'

குழந்தை அழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"ஐயோ, என் பிள்ள!" லிஃப்டிலிருந்து வந்த அக்கா அலறினாள்.

வாசலம்மா கண்ணாடியில் நெற்றியை முட்டினாள். "கைப்பிடி இருந்துச்சு டீச்சர். நான்தான் அழிச்சேன். பார்க்க நல்லா இல்லேன்னு அழிச்சேன். வாட்ச்மேன் மேல ஒரு தப்பும் இல்ல. குழந்தைய விட்டுடுங்க!"

உள்ளே, சிவப்புக் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது.

கதவு திறந்தது. அக்கா பாய்ந்து குழந்தையை அள்ளினாள். அது வீலென்று அழுத பிறகுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது. வாட்ச்மேன் ஓரமாகப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா தங்கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. பிள்ளைக்கு எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று துணியைப் பிரித்தாள்.

பிரித்த கை அப்படியே நின்றது.

"யாருடி இவனுக்குத் தைலம் தடவினது?"

குழந்தையின் நெஞ்சில் நாலு விரல் தடம் பளபளத்தது. ஈரம் இன்னும் காயவில்லை.