கடைசிப் பேருக்குப் பிறகு

மாட்டுப்பட்டிக்கு மேலே அந்த எஸ்டேட்டுக்கு ஜீப் போய்ச் சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆபீஸ் ஒரு பழைய பங்களா. சுவரெல்லாம் ஓதம். தேயிலை வாசனைக்கு அடியில் ஈரமண் வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தது. என் ஊரான பெருமாட்டியின் வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் எலும்பு வரை இறங்கியது.

எழுபத்தொன்பதாம் வருஷம். பம்பாயிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டருக்கு 'சி' என்கிற புது மொழியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பதற்கு அங்கே பெரட்டு என்று பேர். பெரட்டில் வந்தவர்களின் பேர் ஃபைலில் ஏறும். என் புரோகிராம் அதைப் படித்து அச்சடிக்க வேண்டும். இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

ஃபைலில் கடைசிப் பேர் பெரியமுத்து. அச்சாகி வந்த தாளில் அதற்குக் கீழே இன்னொரு பேர் இருந்தது.

"சுருளியம்மாள்" என்று வாய்விட்டுப் படித்தேன்.

ஆபீஸ் கூட்டிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது.

"அது எங்கக்கா பேருய்யா."

போன வருஷ மழையில் மேல்காட்டில் மண் சரிந்ததாம். அன்று சுருளியம்மாள் பெரட்டுக்குப் பிந்தி வந்தவள். பேர் கொடுத்தவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பியதால் யாரும் தோண்டவில்லை. அவள் லாரிக்காரனோடு போடிக்கு ஓடிவிட்டாள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு.

"பேரு இல்லாட்டியும் கொழுந்து கிள்ளப் போறேன்னு மேல ஏறினா. நான் பாத்தேன். ஆருய்யா நம்புனாக?"

ஃபைலை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அந்தப் பேர் இல்லை. கம்ப்யூட்டரே அவள் போனபிறகு வந்ததுதான்.

மத்தியானம் தப்பு பிடிபட்டது. ஃபைல் எங்கே முடிகிறது என்று புரோகிராமுக்கு முன்கூட்டித் தெரியாது. கடைசிப் பேரைப் படித்தபிறகும், இன்னும் உண்டா என்று ஒருமுறை கேட்கும். ஒன்றும் வராவிட்டால்தான் முடிந்தது என்று அர்த்தம். வந்ததா வரவில்லையா என்று பார்க்காமலே அச்சடிக்கும்படி நான் எழுதியிருந்தேன். அப்படியானால் கடைசியாகப் படித்து வைத்திருந்த பெரியமுத்து அல்லவா இரண்டுதரம் வந்திருக்க வேண்டும்?

நான் சொன்னதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற கங்காணி நல்லதம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

"கேக்குதா உங்க மிஷினு? பெரட்டுல கடைசிப் பேருக்கப்புறம் வேற ஆரும் உண்டான்னு கேக்கவே கூடாதுய்யா. முடிஞ்சுதுன்னு தகரத்தத் தட்டிட்டு நகந்துரணும். கேட்டா பதிலு வந்துரும்."

"ஏனுங்க, மிஷினுக்குமா சாத்திரம்?" என்று சிரித்தேன்.

பதில் வராவிட்டால் நிறுத்து என்று திருத்தி ஓட்டினேன்.

நிற்கவில்லை.

சுருளியம்மாள்.

அந்த ஒரு வரி மட்டும் நனைந்திருந்தது. தொட்ட விரலில் செம்மண்.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. எத்தனை பேர் என்று முதலிலேயே எண்ணைக் கொடுத்து, அதோடு நிற்கும்படி மாற்றினேன். இனி அது கேட்காது. அந்தப் பேரும் வரவில்லை. எஸ்டேட் மேனேஜர் துரைக்குப் பரம திருப்தி. தோண்டிப் பார்க்கச் சொல்லி முத்துப்பேச்சி அவர் காலில் விழுந்தாள். பெரட்டில் ஆள் குறையவில்லை, தோண்ட ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டார்.

"அவ வாயப் பொத்திட்டீகளேய்யா" என்றாள் என்னிடம்.

மறுநாள் காலை பெரட்டுக்கு நானும் போனேன். எதிரே நிற்பவர் தெரியாத மூடுபனி. நல்லதம்பி கடைசிப் பேரைக் கூப்பிட்டுவிட்டுத் தகரத்தைத் தட்டக் கம்பை ஓங்கினார். முத்துப்பேச்சி பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"இன்னும் ஆராச்சும் இருக்கீகளா?"

பனிக்குள் அவள் குரல் மேலே ஏறிப் போனது.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு மேல்காட்டுப் பக்கமிருந்து, மண் அடைத்த வாயால் பேசுவதுபோல ஒரு பெண் குரல்.

"இருக்கேன்."

"அக்கா!" என்று அலறிக்கொண்டு முத்துப்பேச்சி ஓடினாள். துரையை யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் மண்வெட்டியோடு ஏறினோம். உச்சி வேளையில் ஒரு பாறைக்கடியில் கூடை தெரிந்தது, அப்புறம் வளையலோடு ஒரு கை எலும்பு. முத்துப்பேச்சி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கக்கா ஓடிப்போகல" என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்தது. ஒரு வழியாக முடிந்ததே என்றிருந்தது.

அந்த நிம்மதியில்தான் வாய் தவறிவிட்டது.

"அவ்ளோதானுங்களா? வேற ஆரும் இல்லீங்களே?"

நல்லதம்பி சேற்றுக் கையால் என் வாயைப் பொத்தினார்.

குழிக்குள் மண் மெல்ல உதிர்ந்தது.

"இருக்கோம்."